தடைக்காலத்துக் கறை

ஜெகதாப்பட்டினம் ஏலக்கூடத்தில் என்னை இடித்துவிட்டு அதே இடத்தில் நின்றவர்கள் கிடையாது. ஒன்று ஓடியிருப்பார்கள், இல்லாவிட்டால் விழுந்திருப்பார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஐஸ் கட்டி சுமந்தவள். இன்றைக்கு அதே ஊரில் எனக்கு ஐஸ் கம்பெனி இருக்கிறது, கேரளாவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் வண்டிகள் இருக்கின்றன. நான் வந்து நிற்கும்வரை ஏலம் கூறுகிறவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பார். இதையெல்லாம் யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. பாதி உழைத்து வாங்கியது, பாதி அடித்து வாங்கியது.

முதல் அடி என் வீட்டுக்காரருக்குத்தான். எங்கள் பக்கம் திருக்கை மீனின் வாலைக் காயவைத்து வைத்திருப்பார்கள். சாட்டை மாதிரி நீளமாக, சொரசொரப்பாக இருக்கும். பட்ட இடத்தில் தோலைக் கூட்டிக்கொண்டு வரும். குடித்துவிட்டு வந்தால் அவர் கை அந்த வாலைத்தான் தேடும். ஒருநாள் அவர் ஓங்கும்போது குறுக்கே கையை நீட்டிப் பிடித்தேன். உள்ளங்கை கிழிந்தது. விடவில்லை. பிடுங்கி, அவரைக் கடற்கரை வரைக்கும் அடித்துக்கொண்டே போனேன். வலை கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் எழுந்து எங்களுக்கு வழிவிட்டார்கள். அதற்கப்புறம் சாகிறவரைக்கும் அவர் என்னை அதட்டிக் கூப்பிட்டதில்லை. அந்த வால் இன்றும் என் ஆபீசில் சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதலில் அதைப் பார்க்கட்டும் என்றுதான்.

அந்த அடியை நான் மறந்தாலும் அவருடைய தங்கை மறக்கவில்லை. என் நாத்தனார். அவளும் மீன் வியாபாரிதான், என்னைவிட இளையவள். அண்ணனை ஊர் பார்க்க அடித்தவள் என்ற கோபம் அவளுக்கு எலும்பில் இறங்கியிருந்தது. ஆனாலும் இத்தனை வருடமாக ஏலக்கூடத்தில் எனக்கு இடது பக்கத்தில், தோளோடு தோளாகத்தான் நிற்பாள். பாசம் இல்லை. பக்கத்தில் நின்றால்தான் இடிக்க முடியும். இன்னொரு காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

படகு ஜெட்டியை நோக்கி வரும்போதே உள்ளே என்ன சரக்கு, எவ்வளவு என்று சொல்லிவிடுகிற வித்தை எனக்குத் தெரியும். தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்து வருகிறது, மேலே பறவை கூட வருகிறதா, டிரைவர் என்ன வேகத்தில் விடுகிறார், முன்னால் நிற்கிற ஆள் கரையைப் பார்க்கிறானா கயிற்றைப் பார்க்கிறானா என்று எல்லாவற்றையும் பார்ப்பேன். ஒரே ஓர் அடையாளத்தை நம்பி ஏலம் கேட்கிறவன் மண்ணைத் தின்பான். அடியில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறினாலும் படகு அமிழ்ந்துதான் வரும். நாலைந்து அடையாளமும் ஒரே பக்கம் கை காட்டினால்தான் நான் வாயைத் திறப்பேன். அப்போதும் பெட்டியைத் திறக்கிறவரைக்கும் சத்தியம் பண்ண மாட்டேன். என் நாத்தனாருக்கு இந்த வித்தை வரவில்லை. அதனால் அவள் படகைப் பார்க்க மாட்டாள், என்னைப் பார்ப்பாள். என் முகம், என் கழுத்து, நான் சேலையை இழுத்துச் செருகுகிற விதம், அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். என்னைப் பெற்ற தாய்கூட என்னை அவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டாள்.

விசைப்படகுச் சரக்குதான் என் சரக்கு. வள்ளம் என்கிற சின்னப் படகில் வரும் மீனை நான் கையால் தொடுவதில்லை. அது கூடைக்காரிகள் வியாபாரம். அதனால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாத தடைக்காலத்தில் மற்றவர்கள் வள்ளம் வள்ளமாக அலையும்போது, நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். இதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிவேன்.

தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய சமயம். புது சீசனில் எல்லாருக்கும் கை அரிக்கும். ஒரு படகு தாழ்ந்து வந்தது. முன்னால் நின்ற ஆள் எங்களைப் பார்த்துச் சிரிக்காமல் வாயை இறுக்கிக்கொண்டு நின்றான். இறால் நிறையக் கிடைத்தவன் அப்படித்தான் நிற்பான், சிரித்தால் விலை இறங்கிவிடும் என்று பயம். நான் சேலையை இழுத்துச் செருகினேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

முதல் கூடையின் ஏலம் என் பேருக்கு முடிந்தது. எங்கள் கூடத்தில் ஏலம் முடிந்ததும் கூடையின் விளிம்பில் கால் வைத்துவிட்டால் சரக்கு அவருடையது. நான் கால் வைத்தேன். அவள் கூடையின் மறுபக்கக் காதைப் பிடித்து இழுத்தாள். ஏலம் தன் பேருக்குத்தான் முடிந்தது என்று ஏலக்காரரைப் பார்த்துக் கத்தினாள். நான் அவள் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அவள் திரும்பக்கூட இல்லை. முழங்கையை அப்படியே பின்னால் விட்டாள். என் இடது மார்பில், நட்ட நடுவில், உலக்கைப் பூண் இறங்கினது மாதிரி இறங்கியது. மூச்சு நின்று கண்ணுக்கு முன்னால் கடல் ஒரு தடவை புரண்டது. அடுத்து என் கைக்குக் கிடைத்தது ஐஸ் உடைக்கிற கட்டை. கூடையைப் பிடித்திருந்த அவள் கைமேல் போட்டேன். விரல்கள் அங்கேயே பனங்கிழங்கு மாதிரி வீங்கின. இறால் தரையெல்லாம் சிதறியது. நாங்கள் இரண்டு பேரும் அதன்மேலேயே விழுந்து புரண்டோம். விலக்க வந்த லோடுமேன் ஒருவரின் கையில் என் பல் பதிந்தது. அந்தத் தழும்பை அவர் இப்போதும் எல்லாரிடமும் காட்டுகிறார்.

ஆபீசுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையைக் கழற்றினேன். மீன் வேலையில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் போட்டுக்கொள்வோம். சட்டை முழுக்க இறால் தண்ணீரும் ஐஸ் சேறும். உள்ளே ரவிக்கையைப் பார்த்தேன். இடது பக்கம், காம்பு இருக்கிற இடத்தில் ஈரமாக, சிவப்பாக ஒரு கறை.

எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது.

ஏன் என்றால், எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் வீக்கத்துக்கு ஒரு நியாயம், இரத்தத்துக்கு ஒரு நியாயம். வீங்கினால் சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்கள். இரத்தம் வந்துவிட்டால், அடித்தவர் அந்த சீசன் முழுக்க ஏலக்கூடத்துக்குள் கால் வைக்கக்கூடாது. விலக்க வந்தவர் காயம் கணக்கில் வராது. நான் அவள் விரலைத்தான் வீங்க வைத்திருந்தேன். அவள் என் உடம்பில் இரத்தம் வரவைத்துவிட்டாள். என் இடது பக்கம் ஒரு சீசனுக்குக் காலி. அந்த ரவிக்கையைத் துவைக்காமல் நிழலில் காயவைத்து, சாட்சிக்காக ஒரு பையில் போட்டு வைத்தேன்.

கோயிலுக்கு முன்னால் மணலில் பஞ்சாயத்து கூடியது. அவள் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வீங்கின விரலைத் தலைவருக்குக் காட்டினாள். நான் பையைத் திறந்து ரவிக்கையை எடுத்து நடுவில் வீசினேன். ஆம்பளைகள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தலைவர் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, இது இரத்தம்தானா என்று கேட்டார். சந்தேகம் இருந்தால் முகர்ந்து பாருங்கள் என்றேன். சிரிப்புக் கிளம்பி அடங்கியது.

என் நாத்தனார் எழுந்தாள். அந்தக் கறை புதியது இல்லை என்றும், தான் இடிப்பதற்கு முன்னாலேயே என் ரவிக்கையில் அதைப் பார்த்திருப்பதாகவும் சொன்னாள்.

"மீன்காரி ரவிக்கையில கறை இல்லாம சந்தனமாடி இருக்கும்? முன்னாடி நீ பாத்தது சூரை மீன் ரத்தம். இது என் ரத்தம்" என்றேன்.

கூட்டம் என் பக்கம் சாய்ந்தது. அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். நான் மணலை அள்ளி அவள் முகத்தில் எறிந்தேன். அவள் பாய்ந்தாள், நான் பாய்ந்தேன், எங்களை நாலு நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். தலைவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து தீர்ப்பை நிறுத்தி வைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து புதுக்கோட்டைக்குப் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும். டாக்டர் சொல்வதை இரண்டு பேரும் காதால் கேட்க வேண்டும். எங்கள் ஊரில் காய வழக்கு என்றால் எதிராளியையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். தனியாகப் போனால் சாதகமாகச் சொல்லச் சொல்லிவிடுவார்கள் என்று முன்னோர் யாரோ சந்தேகப்பட்டு வைத்த வழக்கம். என்னை மாதிரி ஒருத்தியைப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள்.

என் மகன் காரை ஓட்டினான். நான் முன்னால், அவள் பின்னால். அறந்தாங்கி தாண்டியதும் அவள் தன் விரல் வலிக்கிறது, ஏசியைக் குறைக்கச் சொல் என்றாள். நான் கூட்டச் சொன்னேன். மகன் ஜன்னலைத் திறந்துவிட்டான்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணாடி போட்டு, தலையை இறுக்கி முடிந்திருந்தார். மகன் வெளியே உட்கார்ந்துகொண்டான். கூட வந்தவங்க உள்ளே இருக்கலாமா, உங்களுக்குச் சம்மதமா என்று டாக்டர் என்னைக் கேட்டார். இருக்கட்டும், தோற்கிறதை அவள் தன் கண்ணால் பார்க்கட்டும் என்றேன். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. வழக்கை முழுக்கச் சொன்னேன். இடியால்தான் இரத்தம் வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிளம்பிவிடுவோம் என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்காத மாதிரி என்னைப் படுக்கச் சொன்னார். முதலில் இரண்டு மார்பிலும், அப்புறம் அக்குளிலும் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இல்லை என்றார். பிறகு இடது காம்பைச் சுற்றி ஒவ்வோர் இடமாக விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடம் வந்தது. அங்கே அழுத்தியதும் காம்பில் ஒரே ஒரு துளையிலிருந்து சிவப்பாக ஒரு சொட்டு எழும்பி நின்றது. மற்ற துளைகள் எல்லாம் காய்ந்து கிடந்தன. டாக்டர் கையை எடுத்தார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. வாயை மட்டும் இறுக்கிக்கொண்டார். அப்படி வாயை இறுக்கிக்கொண்டு கரைக்கு வருகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் எதிராளி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேள்விகள் ஆரம்பித்தன. இடிபடுவதற்கு முன்னால் எப்போதாவது இப்படி வந்திருக்கிறதா? இல்லை என்றேன். நீங்கள் தொடாமல், பிதுக்காமல் தானாக வந்து துணியில் படுகிறதா? இல்லை, அமுக்கினால்தான் என்றேன். கூசாமல் சொன்னேன். வழக்கு என்று வந்துவிட்டால் நாங்கள் சாமியிடமே அப்படித்தான் பேசுவோம். அது மட்டுமில்லை, மீன் வேலைக்காரிக்கு ரவிக்கைக் கறை என்பது கணக்கிலேயே வராது. கறையைப் பார்க்கிற கண்ணே எங்களுக்குச் செத்துப்போயிருக்கும். எது எப்போது பட்டது என்று நான் என்றைக்கு நின்று யோசித்தேன்?

டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, இதுல ரெண்டு வழி இருக்கு. அடிபட்டதால வந்திருந்தா, கொஞ்ச நாள்ல தானா நின்னுடும். படம் எடுத்து வச்சுக்கிட்டுக் காத்திருந்து பாக்கலாம். ஆனா அடிபடுறதுக்கு முன்னாலேயே, தொடாமலே, ஒரே பக்கம், ஒரே துளையில ரத்தமா வந்திருந்தா, ஒங்க வயசுக்கு நான் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மாட்டேன். எந்த வழின்னு நீங்க சொல்றதுலதான் இருக்கு."

நான் சுவரோரம் பார்த்தேன். அவள் என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏலத்தில் பார்க்கிற மாதிரி. ஒரு சீசன் முழுக்க அவள் இல்லாத இடது பக்கம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"இடியிலதான் வந்துச்சு" என்றேன்.

"பொய் சொல்லாதீக மதினி" என்றாள் அவள்.

எழுந்து போய் அறைந்தேன். ரவிக்கை பாதி கழன்று கிடக்க, டாக்டருக்கு முன்னால், முழுக் கையை வீசி அறைந்தேன். அவள் தலை போய் அலமாரியில் இடித்தது. உள்ளே இருந்த தட்டுகள் கலகலவென்று விழுந்தன. அவள் நல்ல கையால் என் கழுத்தைப் பிடித்தாள். டாக்டர் எங்களுக்கு நடுவில் புகுந்து, போலீசைக் கூப்பிடுவேன் என்று கத்தினார். கழுத்தைப் பிடித்த கையை அவள் விடவில்லை. என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துச் சொன்னாள்.

"தடைக்காலத்துல எந்தச் சூரையை அறுத்தீக? வள்ளத்து மீனத்தான் கையால தொட மாட்டீகளே. எங்க சின்னவ வீட்டுக் காதுகுத்துக்கு மாம்பழக் கலர்ல புது ரவிக்கை போட்டு வந்தீக. எடது பக்கம், இதே எடத்துல, இதே கறை. பந்தியில ஒங்களுக்கு எதுத்தாப்புல நாந்தான் ஒக்காந்திருந்தேன். அன்னக்கி ஒங்கள யாரு இடிச்சா?"



எனக்கு அந்த ரவிக்கை ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து கழற்றும்போது பார்த்தேன். சந்தனமோ குங்குமமோ வெற்றிலைச் சாறோ பட்டிருக்கும் என்று வாளியில் போட்டேன். அதற்கப்புறம் ஒரு கோயில் திருவிழாவில் வெள்ளை உள்பாடியிலும் பார்த்தேன். பழைய மீன் கறை, போகாது என்று விட்டுவிட்டேன். வேலை நாளில் வந்ததெல்லாம் மேல் சட்டையில் ஒரு பொட்டுகூட இல்லாமல் உள்ளே மட்டும் இருந்தது. மீன் இரத்தம் சட்டையைத் தாண்டி எப்படி உள்ளே போகும்? கரையில் நின்று கடலில் வருகிற படகின் வயிற்றைச் சொல்கிறவள் நான். என் வயிற்றுக்கு மேலே இருந்ததைச் சொல்லவில்லை. என் மகன் பார்க்கவில்லை, துணி எடுத்துக் காயப்போடுகிற மருமகள் பார்க்கவில்லை. பார்த்தவள் இவள். என்னைத் தோற்கடிக்க எது கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தவள்.

"கையை எட்றீ" என்றேன். எடுத்தாள். கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

"அவ சொல்றது நெசந்தான் டாக்டர். தானாத்தான் வருது. தடைக்காலத்துக்கு முன்னாடியும் இருந்திருக்கும்" என்றேன்.

சுவரோரம் அவள் ஜெயித்த மூச்சை விட்டாள். எனக்கு நன்றாகக் கேட்டது.

அப்படியென்றால் இது புற்றுநோயா, ஆம் இல்லை என்று ஒரே சொல்லில் சொல்லுங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சொல்ல மாட்டேன் என்றார். காம்பில் நீர் வருகிற பெண்களில் பெரும்பாலானவர்களுக்குப் புற்று இருக்காது; இரண்டு பக்கமும் பல துளையில் பால் மாதிரியோ பச்சையாகவோ, அமுக்கினால் மட்டும் வந்தால் பயம் குறைவு; இரத்தமாக வந்தால்கூடப் பாதிக்கு மேல் காம்புக்குப் பால் வருகிற குழாய்க்குள் மரு மாதிரி ஒரு சதை வளர்ந்திருக்கும், அவ்வளவுதான் என்றார். ஆனால் ஒரு பக்கம், ஒரு துளை, தானாக வருவது, இரத்தம், அறுபதைத் தாண்டிய வயது என்று எல்லாம் சேர்ந்தால் சந்தேகத்தின் எடை கூடுகிறது. படமும் ஸ்கேனும் எடுத்து, அந்தக் குழாயையே எடுத்துச் சோதித்தால்தான் முடிவாகச் சொல்ல முடியும். கட்டி கையில் படவில்லை என்பதற்காக விட்டுவிட முடியாது என்றார்.

இதை அவர் எத்தனை பேருக்கு எத்தனை விதமாகச் சொல்லிப் புரிய வைத்திருப்பாரோ. எனக்கு ஒரு தடவை போதுமாக இருந்தது. படகு தாழ்ந்து வருகிறது. பறவை கூட வருகிறது. முன்னால் நிற்கிறவன் சிரிக்கவில்லை. இன்னும் பெட்டியைத் திறக்கவில்லை. இத்தனை அடையாளம் இருக்கும்போது ஏலம் கேட்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவள் நான் இல்லை. உடனே வையுங்கள் என்றேன்.

படம் எடுக்கிற மிஷின் என்னைப் படுத்தின பாட்டை எழுதாமல் விடக்கூடாது. மார்பை ஒரு பலகையில் வைத்து மேலே இன்னொரு பலகையை இறக்கி நசுக்குகிறார்கள். என் வீட்டுக்காரர் அடித்தபோது சத்தம் போடாதவள், அங்கே கத்தினேன். இறக்கின பெண்ணின் கையைத் தட்டிவிட்டேன். அவள் பயப்படாமல், அசைந்தால் மறுபடியும் முதலிலிருந்து எடுக்க வேண்டும் பாட்டி என்றாள். பாட்டி என்று சொன்னதற்காகவே அசையாமல் நின்றேன்.

பஞ்சாயத்து மறுபடி கூடியது. அவள் வாயால் என் தோல்வியை ஊர் கேட்கக்கூடாது என்று நானே முதலில் எழுந்தேன். இரத்தத்தை அவள் எடுக்கவில்லை, அது என் உடம்பு தானாக எடுத்தது என்றேன். மணலில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. இடித்தது இடித்ததுதான், அதை விடமாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். பொய் வழக்குக் கொண்டுவந்ததற்குச் சபையில் விழுந்து கும்பிட வேண்டும், அதுதான் முறை என்றார் தலைவர். என் முழங்கால் யாருக்கும் மடங்காது என்றேன். மடங்காவிட்டால் அவளுக்கு விழ வேண்டிய தண்டனை உனக்கு விழும் ஆத்தா, இந்த சீசன் முழுக்க ஏலக்கூடத்துக்கு வரக்கூடாது என்றார். சரி என்றேன். எப்படியும் அந்தக் குழாயை எடுக்கத் திருச்சி ஆஸ்பத்திரியில் எனக்குப் படுக்கை போட்டாகிவிட்டது. ஆனால் அதை அங்கே சொல்லவில்லை. தண்டனையை ஏற்றுக்கொண்டு நடந்தாள் என்றே ஊர் பேசட்டும். என் நாத்தனாருக்கு மட்டும் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. வீங்கின விரலைத் தடவிக்கொண்டு மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருச்சியில் பெட்டியைத் திறந்தார்கள். புற்று இருந்தது. குழாய்க்குள்ளேயே இருந்தது, குழாயை உடைத்துக்கொண்டு வெளியே இறங்கவில்லை என்றார்கள். இன்னும் ஒரு தடைக்காலம் போயிருந்தால் எந்தப் பக்கம் இறங்கியிருக்கும் என்று சொல்ல முடியாதாம். இடது மார்பில் ஒரு பங்கை அறுத்து எடுத்தார்கள். அப்புறம் கரண்ட் என்று நாங்கள் சொல்கிற கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். தோல் தணலில் வாட்டின கருவாடு மாதிரி கறுத்தது. கைதூக்கினால் கத்தியால் கீறுகிற மாதிரி இழுக்கும். அந்த வலியை நான் அடித்து விரட்டவில்லை. அதை யாராலும் அடிக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே இருந்தேன், அது ஓயட்டும் என்று. ஒரு தடவை மட்டும், வலி பொறுக்காமல், தண்ணீர் கொண்டுவந்த மகனைச் செம்பால் எறிந்தேன். அவன் விலகிக்கொண்டான். "ஆத்தா தேறிருச்சு" என்று வீட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னான்.

என் நாத்தனார் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கவில்லை. வந்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். அந்த சீசனில் என் இடத்தில் நின்று அவள் படகு பார்த்ததாகவும், அமிழ்ந்து வந்த ஒரு படகை நம்பி ஏலம் கேட்டதாகவும், உள்ளே வெறும் கழிசல் மீனும் தண்ணீரும் இருந்ததாகவும் மகன் வந்து சொன்னான். தையல் இழுக்க இழுக்கச் சிரித்தேன்.

அடுத்த தடைக்காலம் வந்து, முடிந்து, படகுகள் இறங்கின. நான் மேல் சட்டையை மாட்டிக்கொண்டு ஏலக்கூடத்துக்குப் போனேன். சட்டை இடது பக்கம் கொஞ்சம் தொய்ந்து தொங்கியது. பார்த்தவர்கள் பார்த்தார்கள். ஏலக்காரர் தொண்டையைச் செருமினார். என் இடத்தில் போய் நின்றேன். இடது பக்கம் காலியாக இருந்தது. கூட்டத்தில் யாரும் அந்த இடத்துக்கு வரவில்லை. திரும்பிப் பார்த்தால், அவள் என்னைச் சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் நின்றிருந்தாள். இரண்டு விரல் இன்னும் நேராக நீளாது என்று தெரிந்தது.

படகு வந்தது. நான் சேலையை இழுத்துச் செருகினேன். கூடை இறங்கி ஏலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய முழங்கை வலது விலாவில் வந்து இறங்கியது. எலும்பு அதிர்ந்தது. பழைய பலம், கொஞ்சமும் குறையவில்லை.

"ஏன்டி எடம் மாறிட்ட?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அங்கிட்டு வெயிலு அடிக்கிது மதினி."

ஏலக்கூடத்துக்கு மேலே தகரக் கூரை. எந்தப் பக்கமும் வெயில் வராது. ஏலக்காரர் என் பேரைச் சொல்லி முடித்தார். அவள் காலை நன்றாக மிதித்து நகர்த்திவிட்டு, என் காலைத் தூக்கிக் கூடையில் வைத்தேன்.